பூவோடு இலையையும் பாருங்கள்



கார்த்திகை பிறந்தால் கிள்ளான் பள்ளத்தாக்கில் இரண்டு காரியம் தவறாமல் நடக்கும். பிற்பகல் வெயில் தாழுமுன் இடியோடு மழை இறங்கும். மழை விட்ட இரண்டொரு நாளில் நம் இதழின் வாட்ஸ்அப் எண்ணுக்குப் பூப்படங்கள் வந்து குவியும். "ஐயா, வீட்டுக்குப் பின்னால் கால்வாய் ஓரம் பூத்திருக்கிறது, சாமிக்கு வைக்கலாமா?" என்று கிள்ளானிலிருந்து ஒருவர் கேட்பார். "அம்மா இதைக் காந்தள் என்கிறார், மகன் கைப்பேசிச் செயலியில் பார்த்தால் வேறு பெயர் வருகிறது" என்று ஷா ஆலமிலிருந்து ஓர் அக்கா எழுதுவார். "இது லில்லிதானே?" என்பது எல்லோருக்கும் பொதுவான கேள்வி.

கேட்பவர்களின் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் வரும் படங்களில் ஏறக்குறைய எல்லாமே பூவின் முகத்தை மட்டும் காட்டுகின்றன. இலை இருக்காது, தண்டு இருக்காது. ஒருவர் போட்டிருக்கும் சட்டையை மட்டும் படம் பிடித்து அனுப்பி, இவர் யார் என்று கேட்பதைப் போன்றது இது. அதனால் இம்மாதப் பக்கத்தை இலைக்கு ஒதுக்கிவிட்டேன்.

லில்லி என்று நாம் பொதுவாகச் சொல்லும் செடிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. தாவரவியலார் கணக்கில் லில்லிக் குடும்பம் என்பது குளிர்நாட்டுச் சொத்து. பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளில் திருமணப் பூங்கொத்துக்காகக் கட்டப்படும் பெரிய மணமுள்ள லில்லிகள் அந்த வகை. கேமரன் மலை போன்ற குளிர்ந்த இடத்தில் கூரைக்குக் கீழே வளர்த்தோ, வெளிநாட்டிலிருந்து இறக்கியோதான் அவை இங்கே வருகின்றன. நம் தாமான்களிலும் சாலை ஓரங்களிலும் கோயில் தோட்டங்களிலும் தானாகப் பூப்பவை வேறு குடும்பத்துப் பிள்ளைகள். சிலவற்றுக்கு வெங்காயமும் பூண்டும்கூடச் சொந்தம்.

இத்தனைக்கும் பெரும்பாலானவற்றுக்கு ஆறு இதழ், ஆறு மகரந்தத்தண்டு. இலைநரம்புகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். ஆகவே இதழை எண்ணிப் பயனில்லை. நிறமும் கைகொடுக்காது, ஒரே செடியின் பூ ஒரே வாரத்தில் நிறம் மாறுவதுண்டு. இலை எங்கிருந்து கிளம்புகிறது, எவ்வளவு அகலம், நுனி எப்படி முடிகிறது, கசக்கினால் மணம் உண்டா என்ற நான்கு கேள்விகளைக் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

நம்மவரின் முதல் பூவிலிருந்தே தொடங்குவோம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் முதலில் நிற்பது செங்காந்தள். குறுந்தொகையின் முதல் பாடலிலும் முருகனின் குன்றில் இதுதான் பூத்துக் கிடக்கிறது. தமிழ்நாட்டின் மாநிலப் பூவும் இதுவே. ஈழத்தமிழர் இதைக் கார்த்திகைப் பூ என்பார்கள். ஆப்பிரிக்காவில் தொடங்கி இந்தியா, இலங்கை வழியே தென்கிழக்காசியா வரை பரவிய கொடி இது. ஜிம்பாப்வேயின் தேசியப் பூவும் இதுதான். 1947இல் அந்த நாடு தென் ரொடீசியாவாக இருந்தபோது, வருகை தந்த இளவரசி எலிசபெத்துக்கு அங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் இந்தப் பூவின் வடிவில் வைரப் பதக்கம் ஒன்றைப் பரிசளித்தார்கள்.

காந்தள் பூவை ஒருமுறை நன்றாகப் பார்த்தவர் மறக்க மாட்டார். பூ தலைகீழாகத் தொங்கும். அலை அலையான ஓரங்கொண்ட ஆறு இதழ்களும் பின்னோக்கி மடிந்து மேலே எழும். மகரந்தத்தண்டுகள் இதழுக்குக் கீழே நாற்புறமும் விரியும். சூலகத்திலிருந்து வரும் சூல்தண்டு கீழ்நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் செங்கோணமாக ஒடிந்து நிற்கும். மொட்டில் பச்சை, விரியும்போது மஞ்சளும் சிவப்பும், வாடும்போது முழுச் சிவப்பு என்று நிறம் மாறிக்கொண்டே போகும். மஞ்சள் காந்தளும் சிவப்புக் காந்தளும் வேறு வேறு செடி என்று சில வாசகர்கள் எழுதுவதற்கு இதுவே காரணம். பெரும்பாலும் அவை ஒரே பூவின் வெவ்வேறு நாள்கள்தான்.

பூ இல்லாத மாதத்தில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? இலைநுனியைப் பாருங்கள். பளபளப்பான, காம்பில்லாத இலை நீண்டு கூர்ந்து, கடைசியில் மெல்லிய சுருளாக முடியும். அந்தச் சுருள்தான் வேலியையும் பக்கத்துச் செடியையும் பற்றிக்கொண்டு கொடியை மேலே ஏற்றுகிறது. பாகற்கொடிக்கும் பீர்க்கங்கொடிக்கும் பற்றுச்சுருள் தண்டிலிருந்து தனியாகக் கிளம்பும். காந்தளுக்கு இலையே சுருளாகிறது. இலைகள் தண்டில் அமையும் ஒழுங்கை நம்ப வேண்டாம். ஒரே கொடியில் சில எதிரெதிராக, சில மாறி மாறி, சில மூன்று நான்காகச் சேர்ந்தும் இருக்கும். நுனிச் சுருள் மட்டும் மாறாத அடையாளம்.

அடையாளம் தெரிவது அழகுக்காக மட்டுமல்ல. காந்தளின் கிழங்கு, விதை, இலை எல்லாவற்றிலும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. மண்ணுக்கடியில் கலப்பை வடிவில் கிளைக்கும் அந்தக் கிழங்கை வற்றாளை (சர்க்கரைவள்ளி) என்று எண்ணி உண்டு உயிரிழந்தவர்கள் இலங்கையில் உண்டு. அதே கோல்ச்சிசின், அளவறிந்து கொடுத்தால் மருந்து. கௌட் என்ற மூட்டுவலிக்கு நம் கிளினிக்குகளில் எழுதிக் கொடுக்கும் மாத்திரைகளில் அதுவும் ஒன்று. தமிழ்நாட்டில் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் விவசாயிகள் இதைக் கண்வலிக்கிழங்கு என்று பந்தல் போட்டு வளர்ப்பது இதன் விதைக்காகவே. காய் நன்றாகப் பிடிக்க ஆள் வைத்துக் கையாலேயே மகரந்தம் தடவுவார்கள். சங்கப் புலவர் பாடிய பூ இன்று ஏற்றுமதிப் பயிர்.

அடுத்து, அதிகம் குழப்பும் வெள்ளைப் பூ இரண்டு. மலாய்க்காரர்கள் பாக்கோங் என்றும் தமிழில் விஷமூங்கில் என்றும் சொல்வது ஒன்று. ஸ்பைடர் லில்லி மற்றொன்று. இரண்டுக்கும் கொத்தாக வெள்ளைப் பூ, குச்சி குச்சியான ஆறு இதழ், மாலையில் மணம். சாலைத் தடுப்புகளிலும் அடுக்குமாடி வாசல்களிலும் இரண்டையும் நட்டிருக்கிறார்கள்.

பூவுக்குள் எட்டிப் பார்த்தால் வித்தியாசம் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஸ்பைடர் லில்லியின் மகரந்தத்தண்டுகளை அடியில் ஒரு மெல்லிய வெள்ளைச் சவ்வு கிண்ணமாக இணைத்திருக்கும். விஷமூங்கிலுக்குக் கிண்ணம் கிடையாது. அதன் மகரந்தத்தண்டுகள் தனித்தனியாக, ஊதாச் சிவப்பு பூசி நிற்கும். இலையிலும் வேறுபாடு உண்டு. விஷமூங்கிலின் இலை நான்கு விரலுக்கும் மேல் அகலம், ஒரு மீட்டர் வரை நீளம், தரைக்கு மேலே தடித்த தண்டு போன்ற அடிப்பாகத்திலிருந்து கிளம்பும். ஸ்பைடர் லில்லியின் இலை ஒடுங்கியது, மண்ணை ஒட்டியே எழும். விஷமூங்கில் நம் கடற்கரைகளின் சொந்தச் செடி. அதன் பெரிய உருண்டை விதை கடல்நீரில் மிதந்து ஊர் ஊராகப் போய் முளைக்கும். ஸ்பைடர் லில்லியோ அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து அலங்காரத்துக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டது. இரண்டின் குமிழும் வெங்காயத்தை ஒத்திருக்கும். இரண்டும் கடும் வாந்தியை உண்டாக்கும். பெரிய வெங்காயமாக இருக்கிறதே என்று யாரும் அடுப்பங்கரைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

மழைக்குப் பின் திடலிலும் வாசல் தொட்டியிலும் திடீரென்று எழும் இளஞ்சிவப்பு, வெள்ளை, மஞ்சள் பூக்கள் மழை லில்லிகள். இவையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. ஒரு தண்டுக்கு ஒரே பூ என்பது முதல் அடையாளம். இளஞ்சிவப்புக்கு இலை தட்டையான புல், வெள்ளைக்கு இலை சற்றுத் தடித்து உருண்ட குச்சி. வறட்சிக்குப் பின் நல்ல மழை பெய்தால் ஒரு சில நாளில் மொட்டுவிடும் என்பதால்தான் கார்த்திகையில் உங்கள் படங்கள் குவிகின்றன.

இந்தச் செடி பூக்காத நாள்களில்தான் கவனம் தேவை. தொட்டியில் அடர்ந்து நிற்கும் இலையைப் பார்த்தால் சமையலுக்கு வாங்கும் குச்சாய்க் கீரை என்றே தோன்றும். ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்து பாருங்கள். பூண்டு மணம் வந்தால் குச்சாய். மணமே இல்லையென்றால் மழை லில்லி, அது நஞ்சு. இரண்டையும் ஒரே தொட்டியில், அருகருகே நடாதீர்கள்.

காட்டோரம் நடக்கப் போகிறவர்களுக்கு இன்னொரு சோடி. தென்னங்கன்றின் இலைபோல் நெடுக மடிப்பு மடிப்பாக நிற்கும் அகன்ற இலை, தண்டே இல்லாமல் தரையிலிருந்து எழுந்தால் இலைகளின் அடியை விலக்கிப் பாருங்கள். மண்ணோடு ஒட்டி மஞ்சள் நிறத்தில் ஆறிதழ்ப் பூக்கள் இருந்தால் அது மலாய்க்காரர்களின் லெம்பா. தமிழ்நாட்டு மூலிகைக்காரர்கள் சொல்லும் நிலப்பனைக்கு நெருங்கிய உறவு. இதன் பழத்தைச் சுவைத்துவிட்டுப் புளிப்பானதைக் குடித்தால் இனிக்கும். அதற்குக் காரணமான கர்குலின் என்ற புரதத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990இல் பிரித்தெடுத்து உலகுக்கு அறிவித்தார்கள். அதே மடிப்பு இலையோடு, நீண்ட தண்டின் உச்சியில் ஊதாப் பூ நின்றால், அந்தப் பூவில் ஓர் இதழ் மட்டும் மற்றவற்றிலிருந்து மாறி உதடாக நீண்டிருந்தால், அது தரை ஆர்க்கிட். இலை ஏமாற்றும் இடத்தில் பூ உண்மை சொல்லும், பூ ஏமாற்றும் இடத்தில் இலை சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே வழி.

இனி, நம்மில் யாரும் இங்கே பூத்துப் பார்த்திராத, ஆனால் பல வீடுகளில் குப்பியில் வைத்திருக்கும் ஒரு காட்டு லில்லியைப் பற்றி. இருமல் வந்தால் சீன மருந்துக் கடையில் வாங்குகிறோமே, கரிய தேன்பாகாக இருக்கும் நின் ஜியோம் பெய் பா கோவா, அதன் குப்பியில் உள்ள பொருள்களின் பட்டியலைப் படித்துப் பாருங்கள். சுவான் பெய் என்று சீனர்கள் சொல்லும் ஃபிரிட்டிலரிக் குமிழ் அதில் இருக்கும். பேரிக்காயோடு சேர்த்து அவித்துக் கொடுக்கும் சின்னஞ்சிறு வெள்ளைக் குமிழும் அதுவே.

ஃபிரிட்டிலரி லில்லிக் குடும்பத்தின் உண்மையான பிள்ளை. வட பூமியின் குளிர்ப்பகுதிகளில் 130க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பொது அடையாளம், தலைகவிழ்ந்து தொங்கும் மணிப்பூ. பல இனங்களில் இதழ் முழுவதும் கட்டம் கட்டமான கோலம். ஒவ்வோர் இதழின் அடியிலும் ஒரு தேன்சுரப்பி. ஆனால் மணியும் கட்டமும் பல இனங்களுக்குப் பொது என்பதால், எந்த இனம் என்று சொல்ல அங்கேயும் இலையைத்தான் புரட்டுகிறார்கள். இமயமலையிலும் மேற்குச் சீனத்திலும் வளரும் சிர்ரோசா என்ற இனத்துக்குப் பூ மஞ்சட்பச்சை, உள்ளே ஊதாக் கட்டம். மேலிலைகள் ஒடுங்கி நுனி சுருண்டிருக்கும். ஆம், நம் காந்தளைப் போலவே இலைநுனிச் சுருள். கிழக்குச் சீனத்தில் வயலில் பயிரிடும் துன்பெர்கி இனத்துக்கும் இலைநுனி சுருளும். ஆனால் அதற்கு ஒரு தண்டில் பல பூ, குமிழும் பெரிது. காஷ்மீர் வரை காணப்படும் இம்பீரியாலிஸ் இனத்தை யாரும் தவறவிட முடியாது. ஆரஞ்சு மணிகள் வட்டமாகத் தொங்க, அவற்றுக்கு மேலே இலைகள் குடுமியாக நிற்கும்.

டெலவாயி என்ற இனத்தின் கதைதான் நெஞ்சைத் தொடுவது. பனிமலைச் சரிவின் கற்குவியலுக்குள் குட்டையாக, முட்டை வடிவ இலைகள் நெருங்கி, ஒரே ஒரு பூவோடு வளரும் செடி அது. பூக்கவே சில ஆண்டுகள் ஆகும். ஒரு கிலோ மருந்துக்கு 3,500க்கும் மேற்பட்ட குமிழ்களைத் தோண்ட வேண்டும். 2020இல் குன்மிங் தாவரவியல் ஆய்வகத்தாரும் இங்கிலாந்தின் எக்ஸ்டர் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆள்கள் எளிதில் ஏற முடியாத இடங்களில் இந்தச் செடி பளிச்சென்ற பச்சையாகவே இருக்கிறது. அதிகம் தோண்டப்படும் இடங்களில் அதன் இலையும் பூவும் சுற்றியுள்ள கல்லின் சாம்பல், பழுப்பு நிறத்துக்கு மாறியிருக்கின்றன. கண்ணில் பட்டவை தோண்டப்பட்டுப் போக, கண்ணுக்குத் தப்பியவை விதை தந்து பெருகின. மனிதனின் கண்ணுக்குப் பயந்து ஒரு செடியினமே நிறம் மாறியிருக்கிறது. சீன அரசு 2021இல் வெளியிட்ட பாதுகாப்புப் பட்டியலில் காட்டு ஃபிரிட்டிலரி இனங்கள் அனைத்தையும் சேர்த்துவிட்டது. குப்பியில் அடைத்து வரும் எதுவும் எங்கோ ஒரு மண்ணிலிருந்து பிடுங்கப்பட்டதுதான் என்ற நினைவு நமக்கும் இருக்கட்டும்.

பூவையும் இலையையும் சேர்த்துக் காட்டும் பழக்கம் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் மருத்துவராக வந்த ராபர்ட் வைட், தென்னிந்தியச் செடிகளை வரைய ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்களை வைத்திருந்தார். அக்காலத் தாவர ஓவியங்களைப் பார்த்தால் தெரியும், பூ ஓரிடத்தில், இலை ஓரிடத்தில், கிழங்கோ வேரோ கீழே, மூலையில் பூவை அறுத்து உள்ளுறுப்பைப் பெரிதாக்கிக் காட்டும் படம். நீலகிரியிலும் பழனி மலையிலும் வெள்ளைக் குழலாகப் பூக்கும் நீலகிரி லில்லிக்கு அறிவியல் பெயர் வைத்தவர் அந்த வைட்தான். கையில் கேமரா இல்லாத அவர்கள் விடாத இலையை, சட்டைப் பையில் கேமரா வைத்திருக்கும் நாம் விட்டுவிடுகிறோம்.

நம்மூரில் கற்றுக்கொள்ள இடத்துக்குப் பஞ்சமில்லை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து சிறிது தூரத்தில், மலாயாப் பல்கலைக்கழக வளாகத்தில் 1974இல் தொடங்கிய ரிம்பா இல்மு தாவரவியல் தோட்டம் 80 ஹெக்டேரில் இருக்கிறது. கெப்போங்கில் 1929இல் தொடங்கிய வன ஆய்வு நிலையம், பழைய ஈயச் சுரங்க நிலத்தில் மனிதக் கையால் வளர்த்த காடு. 2025இல் அதன் வனப்பூங்கா யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ஈய லம்பமாகக் கிடந்த மண்ணில் காடு எழுப்ப முடியும் என்பதற்கு உலகம் தந்த சான்றிதழ் அது. ஹெண்டர்சன் எழுதிய மலாயாக் காட்டுப் பூக்கள் நூலின் 1954ஆம் ஆண்டுப் பகுதி முழுக்க நாம் இங்கே பேசும் வகைச் செடிகளைப் பற்றியது. பெரிய நூலகங்களில் கேட்டுப் பாருங்கள். அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் பேரங்காடிக்குப் பதிலாக இந்தத் தோட்டங்களில் ஒன்றுக்கு அழைத்துப் போகலாம்.

சாமிக்கு வைக்கலாமா என்று கேட்ட கிள்ளான் அன்பருக்கும் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பியது காந்தள். முருகனுக்கு உரிய பூ, தாராளமாக வையுங்கள். பிரசாதத் தட்டில் மட்டும் வைக்காதீர்கள், பறித்தபின் கையைக் கழுவிவிடுங்கள். பூனை வளர்க்கும் வீட்டாருக்கும் ஒரு சொல். கடையில் வாங்கும் பூங்கொத்து லில்லியின் மகரந்தமோ இலையோ சிறிது உள்ளே போனாலும் பூனையின் சிறுநீரகம் பழுதாகும். பூனை உலவும் வீட்டில் அந்தப் பூங்கொத்தே வேண்டாம்.

இனிப் படம் அனுப்பும்போது நான்கு படமாக அனுப்புங்கள். செடி முழுவதும் ஒன்று, பூவைப் பக்கவாட்டில் ஒன்று, பூவின் உள்ளே ஒன்று, இலையின் நுனியும் அடியும் தெரிய ஒன்று. பார்த்த இடத்தையும் மாதத்தையும் எழுதுங்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால், பால்மரக் காட்டில் அந்தச் செடியை என்ன சொல்லி அழைத்தார்கள், எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று கேட்டு அதையும் சேர்த்து அனுப்புங்கள். தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன, அந்தப் பெயர்கள் இப்போது அவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. வருகிற தையிலிருந்து அவற்றைப் பெயர் விளக்கத்தோடு மாதம் ஒரு பக்கமாக வெளியிடுவோம்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகச் செடியைப் பிடுங்காதீர்கள், கிழங்கைத் தோண்டாதீர்கள். படம் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்